ஒரு லைனுக்கு ஓர் அட்டை

அவளுக்குப் பம்பரம் என்று பெயர் வைத்தது யார் என்று அந்தத் தையல் கம்பெனியில் யாருக்கும் நினைவில்லை. உட்கார்ந்தே செய்கிற வேலையில் அப்படி ஒரு பெயரை வாங்குவது லேசான காரியமில்லை. மிஷின் ஓடும்போது ஒரு கால் மிதியில் இருக்கும். இன்னொன்று சும்மா இருக்காது. தரையைத் தட்டும், நாற்காலிக் காலைச் சுற்றிக்கொள்ளும், செருப்பைக் கழற்றி மறுபடி மாட்டும்.

"உன் இடது காலுக்குத் தனியாச் சம்பளம் கேளுடி," என்பாள் காலர் அக்கா.

காலர் அக்கா முன் மிஷினில் காலர் தைப்பவள். பம்பரம் அந்தக் காலரை வாங்கிச் சட்டையின் கழுத்தில் பொருத்துவாள். பின் மிஷினில் கைக்காரி. சட்டைக்குக் கை வைத்துத் தைப்பதால் அந்தப் பெயர். கையைவிட அவளுக்கு வாய்தான் நீளம். இப்படி ஒருத்தி முடிப்பதை வாங்கி அடுத்தவள் தைத்து நகர்த்த, தகரக் கூரைக்கடியில் நீளமாகப் போகும் வரிசைக்கு லைன் என்று பேர். அந்தக் கூடத்தில் பல லைன்கள். பஞ்சுத் தூசி எப்போதும் பறந்துகொண்டிருக்கும். காதுக்குள், இமையில், சோற்றுப் பாத்திரத்தின் மூடியில் எல்லாம் அதுதான்.

ஒவ்வொரு லைனின் தலைமாட்டிலும் ஓர் இரும்புத் தூண். தூணில் ஓர் ஆணி. ஆணியில் ஓர் அட்டை. உள்ளங்கை அகலமுள்ள பலகைத் துண்டுதான், சிவப்புச் சாயம் அடித்து, கயிறு கோத்தது. எல்லோரும் அதை அட்டை என்றே சொன்னார்கள். கழிவறைக்குப் போகிறவள் அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு போக வேண்டும். திரும்பி வந்து ஆணியில் மாட்டினால்தான் அடுத்தவள் போகலாம். ஒரு லைனுக்கு ஓர் அட்டை. அதுவும் தானாக எடுக்கக் கூடாது. "மேடம், அட்டை," என்று கேட்க வேண்டும்.

மேடம் என்பது சூப்பர்வைசர். அவளும் ஒரு காலத்தில் இதே லைனில் பட்டன் துளை போட்டுக்கொண்டிருந்தவள்தான். சூப்பர்வைசர் ஆன மறுநாளிலிருந்து மேடம். முதுகுக்குப் பின்னால் அவள் பெயர் அலாரம். யாராவது நாற்காலியை விட்டு அரை அடி எழும்பினாலே அவள் வாயிலிருந்து சத்தம் வந்துவிடும். அட்டை கேட்டால் முதலில் சுவரில் எழுதியிருக்கும் டார்கெட்டைப் பார்ப்பாள். பிறகு கேட்டவளைப் பார்ப்பாள். "இந்தப் பண்டிலை முடிச்சிட்டுப் போ." பண்டில் என்கிற அந்தத் துணிக்கட்டு முடிவதற்குள் அட்டை வேறொருத்தி கழுத்துக்குப் போயிருக்கும்.

"நாலு பேர் சேர்ந்து போனா அங்க போயி நாலு கதை பேசுவீங்க," என்பது மேனேஜரின் விளக்கம். "இது ஒழுங்கு. வேற ஒண்ணும் இல்ல."

பெண்கள் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருந்தார்கள். தண்ணீர் குடிப்பதில்லை. காலையில் எழுந்து வாய் கொப்பளிப்பதோடு சரி. சோறு விக்கினால் மட்டும் ஒரு மிடறு. தண்ணீர் பாட்டில் மிஷின்மேல் இருந்தாக வேண்டும் என்பது கம்பெனி விதி என்பதால் எல்லோரும் கொண்டுவருவார்கள். நிரம்பி வரும். நிரம்பியே வீட்டுக்குப் போகும்.

பம்பரத்தின் கணவன் சாமான் வேன் ஓட்டுகிறவன். மாலையில் அவள் பையிலிருந்து பாட்டிலை எடுத்துத் தூக்கிப் பார்ப்பான். "தினம் இந்தத் தண்ணிக்கு ஊர் சுத்திக் காட்டுறியா? நல்லதுதான். பாவம், அதுவும் நாலு இடம் பாக்கணும்ல."

அவன் கேலி பேசுகிறவன். இன்னொரு கேலியும் அவனிடம் உண்டு. சொந்தக்காரர்கள் யார் வந்தாலும் சொல்வான்: "என்னைப் பாத்துக் கட்டிக்கல இவ. எங்க வீட்டுக் கக்கூஸைப் பாத்துக் கட்டிக்கிட்டா."

அதில் பொய்யில்லை. அவளுடைய அப்பா கொத்தனார். வேலை எங்கேயோ அங்கே குடும்பமும் போகும். பாதி எழும்பிய வீடுகளில், கதவில்லாத அறைகளில், சிமெண்ட் மூட்டைகளுக்குப் பக்கத்தில் படுத்து வளர்ந்தவள் அவள். மற்றவர்கள் குடியிருக்கப்போகும் வீட்டில் முதலில் தூங்கியவர்கள் அவர்கள்தான். ஆனால் கழிவறைக்குப் பீங்கான் பதிப்பது கடைசி வேலை. அது முடிந்த அன்று சாமான்களை மூட்டை கட்டிவிடுவார்கள். அப்பா தன் கையால் எத்தனையோ கழிவறை கட்டினார். மகள் ஒன்றில்கூடப் போனதில்லை. விடியுமுன் அம்மாவோடு செங்கல் அடுக்குக்குப் பின்னால் போய் வருவாள். அப்புறம் இருட்டும்வரை அடக்கி வைப்பாள். உட்கார்ந்தால் முட்டும், நடந்தால் கொஞ்சம் தாங்கும். எனவே நடந்துகொண்டே இருப்பாள். மணல் மேட்டில் ஏறி இறங்குவாள். சாரத்தைச் சுற்றிச் சுற்றி வருவாள். "ஒரு இடத்துல இருக்காது இது," என்று அம்மா அலுத்துக்கொள்வாள். பள்ளிக்கூடத்திலும் அதே கதை. வயதுக்கு வந்த பிறகு அங்கே போவதை நிறுத்திவிட்டாள். பெண் பார்க்க வந்தபோது மாப்பிள்ளையின் சம்பளம், குடி, கோபம் எதையும் அவள் விசாரிக்கவில்லை. வீட்டுக்குள் இருக்கிறதா, தாழ்ப்பாள் இருக்கிறதா என்று அத்தையிடம் கேட்டாள். இருக்கிறது என்றார்கள். சரி என்றாள்.

காலர் அக்காவுக்கு நேர்ந்தது அவசர ஆர்டர் ஓடிய ஒரு நாளில். காலையிலிருந்தே அலாரம் யாரையும் எழவிடவில்லை. மதியத்துக்குப் பிறகு அக்கா, "மேடம், அட்டை," என்றாள். அட்டை வெளியே போயிருந்தது. திரும்பி வந்தது. மறுபடி கேட்டாள். டார்கெட்டைக் காட்டினாள் அலாரம். அக்காவுக்குச் சில மாதங்களாகவே கீழ்வயிற்றில் எரிச்சல். தண்ணீர் குடிக்காததால் வருவது, நிறையத் தண்ணீர் குடி என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதைச் சொல்லி அவளே சிரித்திருக்கிறாள். மூன்றாம் தடவை கேட்டபோது அவள் குரல் மிஷின் சத்தத்தில் அலாரத்துக்கு எட்டவில்லை.

பம்பரத்துக்கு அடுத்துத் தெரிந்தது இதுதான்: காலர் வரவில்லை. கை காலியாக இருந்தது. எட்டிப் பார்த்தாள். அக்கா இரண்டு கைகளையும் மேஜைமேல் விரித்து வைத்துக்கொண்டு ஊசியையே பார்த்துக்கொண்டிருந்தாள். நாற்காலிக்கு அடியில் தரை நனைந்திருந்தது. ஈரம் மெல்ல நகர்ந்து, தைத்துக் கீழே வைத்த காலர்க் குவியலை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது.

பம்பரம் யோசிக்கவில்லை. தன் பாட்டிலை எடுத்து, மூடியைத் திறந்து, அக்காவின் மடிமீது கவிழ்த்தாள். "அய்யய்யோ, தண்ணியைக் கொட்டிட்டேனே! மன்னிச்சுக்கக்கா!" என்று கூடம் முழுக்கக் கேட்கும்படி கத்தினாள். பாட்டில் நிரம்ப இருந்தது. எல்லாம் நனைந்தது.

அலாரம் வந்தாள். குனிந்து பார்த்தாள். மூக்கைச் சுளித்தாள். பட்டன் துளை போட்ட காலத்தில் அவளும் இப்படி ஒரு நாற்காலியில்தான் இருந்தாள், அதனால் அவளை ஏமாற்ற முடியவில்லை. பம்பரத்தின் முகத்தையும் அக்காவின் முகத்தையும் பார்த்தாள். நேரே மேனேஜர் அறைக்குப் போனாள்.

துணியைப் பாழாக்கியதற்காகக் காலர் அக்காவை வேலையிலிருந்து நிறுத்தினார்கள்.

அக்கா தன் தம்பி வீட்டில் மாடியறையில் இருந்தாள். பம்பரம் போனபோது கதவைத் திறக்கவில்லை. தம்பி மனைவி கீழிருந்து, "யாரு வந்தாலும் இப்படித்தான். சாப்பாட்டையும் வாசல்லயே வெச்சிட்டு வரேன்," என்றாள். பம்பரம் கதவில் சாய்ந்து நின்றாள். இரண்டு நிமிஷம் நின்றிருப்பாள். பிறகு அந்தச் சின்ன இடத்திலேயே இப்படியும் அப்படியும் நடந்தாள்.

"நடக்காதடி. தலை வலிக்குது," என்றது உள்ளேயிருந்து குரல்.

"கதவைத் திற. உக்காந்துக்கறேன்."

"நீயாவது உக்காரறதாவது."

"அக்கா, நான் விடப் போறதில்ல. உன்னைத் திரும்பக் கூப்பிட வெக்கிறேன்."

"கூப்பிட்டா மட்டும்? நான் வந்து உக்காந்தா எல்லாரும் எதைப் பாப்பாங்க? மூஞ்சியவா? நாற்காலியத்தான் பாப்பாங்க."

"அந்த அட்டை இல்லாமப் போனா வருவியா?"



"அது போகாது."

"போனா?"

"போனா அப்பப் பாக்கலாம். இப்ப நீ போ."

பம்பரம் படியிறங்கும்போதே முடிவு செய்துவிட்டாள். அட்டை போக வேண்டும், அக்கா வர வேண்டும். அடுத்து என்ன செய்வதென்று அவளுக்குத் தெரியவில்லை. தெரியாததால் வீட்டில் எதையாவது துலக்கிக்கொண்டும் மடித்துக்கொண்டும் இருந்தாள். கணவன் கேலியை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தான்.

"உன்னையும் அனுப்பிட்டா?"

"அனுப்பட்டும்."

"அனுப்பட்டும்னா? வேனுக்கு டயர் யார் போடறது?"

"நீங்க ஓட்டற வேனை வழியில நிறுத்தி, இறங்கணும்னா ஒரு பலகையைக் கழுத்துல மாட்டிக்கன்னு சொன்னா மாட்டுவீங்களா?"

"எனக்கு ரோடெல்லாம் கக்கூஸ்," என்றான் அவன். சொன்ன பிறகு அவனுக்கே சிரிப்பு வரவில்லை.

சைக்கிள் ரிப்பேர் கடைக்கு மேலே தொழிலாளர் சங்கம் ஒன்று இருந்தது. அங்கே ஓர் ஆளும் நாலைந்து பிளாஸ்டிக் நாற்காலியும் ஒரு சத்தம் போடும் மின்விசிறியும் இருந்தன. சங்கத்துக்காரர் வழுக்கைத் தலை. கேட்கும்போது கண்ணை மூடிக்கொள்வார். தூங்கிவிட்டாரோ என்று பம்பரத்துக்குச் சந்தேகம் வந்தது. அவள் சொல்லி முடித்ததும் கண்ணைத் திறந்தார்.

"புகார் குடுக்கலாம். லேபர் ஆபீஸ்லேருந்து அதிகாரி வருவாங்க. சொல்லாமத்தான் வருவாங்க. ஆனா ஒண்ணு. லைன்ல ஒவ்வொருத்தராக் கேப்பாங்க. அங்க நீங்க வாயைத் திறந்து சொல்லணும். நான் சொன்னாச் செல்லாது."

"சொல்லுவோம்."

"நீங்க சொல்லுவீங்க. மத்தவங்க?"

"அவங்களும் சொல்லுவாங்க."

"எல்லாரும் வெளியில இருக்கறப்போ அப்படித்தாம்மா சொல்றாங்க," என்று மறுபடி கண்ணை மூடிக்கொண்டார்.

புகார் போனது. சாப்பாட்டு நேரத்தில் பம்பரம் உட்கார்ந்து சாப்பிடவில்லை. பாத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒருத்தியிடமிருந்து இன்னொருத்தியிடம் போனாள். அவள் எப்போதும் சுற்றுகிறவள் என்பதால் அலாரம் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. "யாரு வந்து கேட்டாலும் உள்ளதைச் சொல்லணும். அவ்வளவுதான். உள்ளதை." எல்லோரும் தலையாட்டினார்கள். சிலர் கையைப் பிடித்தார்கள். ஒருத்தி அழுதாள். கைக்காரி, "நான் சொல்றதுக்கு ஒரு நாள் பத்தாது. அந்த அதிகாரி பாய் தலகாணியோட வரட்டும்," என்றாள்.

இத்தனை பேசியவர்களில் ஒருத்திக்கும் விருந்தாளிப் பாட்டு நினைவுக்கு வரவில்லை.

அந்தக் கம்பெனியில் சட்டை வாங்குகிறவர்கள் தூர தேசத்திலிருந்து அவ்வப்போது பார்வையிட வருவார்கள். அவர்களுக்கு விருந்தாளி என்று பேர். அவர்கள் கார் வாசலில் நின்றதும் வாட்ச்மேன் ஒரு பொத்தானை அழுத்துவார். கூடத்து ஒலிபெருக்கியில் பொம்மைக் கடையில் கேட்பது போன்ற ஒரு மெட்டு வரும். அது வந்தால் முதுகு நிமிர வேண்டும். பாட்டில் மூடிகளைத் திறந்து வைக்க வேண்டும். ஆணியிலிருந்து அட்டை இறங்கி அலாரத்தின் மேஜை இழுப்பறைக்குள் போகும். விருந்தாளிகள் என்ன கேட்பார்கள், என்ன சொல்ல வேண்டும் என்பதற்கு ஒத்திகை உண்டு. தண்ணி குடிக்கிறீங்களா? தாராளமாக் குடிக்கிறோம். வெளிய போக யாரையாவது கேக்கணுமா? தேவைப்பட்டா நாங்களே போய்ட்டு வருவோம். ஏதாவது குறை இருக்கா? ஒரு குறையும் இல்லை. தப்பாகச் சொன்னவள் மறுபடி மறுபடி சொல்ல வேண்டும். நடுவில் சிரிப்பு வேறு. இதைத்தான் பெண்கள் விருந்தாளிப் பாட்டு என்றார்கள். வருஷக்கணக்காகச் சொல்லிச் சொல்லி, ஊசியில் நூல் கோப்பது மாதிரி, அதற்கு மூளை தேவைப்படாமல் போயிருந்தது. எல்லோரிலும் நன்றாகச் சொல்கிறவள் பம்பரம். குரல் தெளிவு என்று மேனேஜரே பாராட்டியிருக்கிறார்.

அதிகாரி ஒரு முற்பகலில் சொல்லாமல் வந்தார். வாட்ச்மேனுக்கு விருந்தாளி யார், அதிகாரி யார் என்றெல்லாம் வித்தியாசம் கிடையாது. கார் நின்றது, பொத்தானை அழுத்தினார்.

மெட்டு வந்தது. முதுகுகள் நிமிர்ந்தன. மூடிகள் திறந்தன. அட்டை இழுப்பறைக்குள் போனது.

அதிகாரி நடுத்தர வயதுப் பெண். வெயிலில் வந்த களைப்பு முகத்தில் இருந்தது. கூடவே மேனேஜர். கையில் பேனாவை வைத்துக்கொண்டு அதிகாரி முதல் மிஷினிலிருந்து ஒவ்வொருத்தியாகக் கேட்டுக்கொண்டு வந்தார். இரைச்சலில் என்ன பேசுகிறார்கள் என்று பம்பரத்துக்குக் கேட்கவில்லை. சொல்கிறார்கள், எல்லோரும் சொல்கிறார்கள் என்று நினைத்தாள்.  கால் தாளம் போட்டது. சொல்ல வேண்டியதை மனதுக்குள் அடுக்கினாள். காலர் அக்காவிலிருந்து தொடங்க வேண்டும். இல்லை, அட்டையிலிருந்து. இல்லை, அக்காவிலிருந்துதான்.

அதிகாரி அவள் முன்னால் வந்து நின்றார். மிஷினை நிறுத்தச் சொன்னார். குனிந்து கேட்டார்:

"வேலை நேரத்துல தண்ணி குடிக்கிறீங்களாம்மா?"

"தாராளமாக் குடிக்கிறோம்," என்றாள் பம்பரம்.

"வெளிய போகணும்னா யாரையாவது கேக்கணுமா?"

"தேவைப்பட்டா நாங்களே போய்ட்டு வருவோம்."

"குறை ஏதாவது?"

"ஒரு குறையும் இல்லை."

புன்சிரிப்பும் சரியான இடத்தில் வந்து போனது. அதிகாரி குறித்துக்கொண்டு கைக்காரியிடம் நகர்ந்தார்.

பம்பரம் தன் குரலைத் தானே கேட்டபடி உட்கார்ந்திருந்தாள். தெளிவான குரல். யாரோ நன்றாகப் பாடம் படித்த பிள்ளையின் குரல். பின்னால் கைக்காரி, அந்த நீள வாய்க்காரி, "தாராளமாக் குடிக்கிறோம்," என்று சொல்வது கேட்டது. அதற்கும் பின்னால் இன்னொருத்தி. அதற்கும் பின்னால். வரிசையாக யாரோ விளக்கணைத்துக்கொண்டு போவது போல அந்தப் பதில் லைனின் கடைசிவரை போனது. பயந்து சொன்னவர்கள் சிலர் இருக்கலாம். மற்றவர்களுக்குத் தாங்கள் என்ன சொன்னோம் என்பதே சொன்ன பிறகுதான் தெரிந்தது. கைக்காரி தலையைத் தூக்கிப் பம்பரத்தைப் பார்த்தாள்.  "என்னடி சொன்னேன் நான்?" என்றாள்.

லைன் முடிந்துவிட்டது. மேனேஜர் வாசல் பக்கம் கைகாட்டி, டீ சாப்பிட்டுப் போகலாம் என்று சொல்லிக்கொண்டிருந்தார். அதிகாரி பேனாவை மூடினார். அவர் காரில் ஏறிவிட்டால், சட்டம் வந்து பார்த்து ஒரு குறையும் இல்லை என்று போனதாக ஆகிவிடும். அப்புறம் அந்த மாடிக் கதவைப் போய்த் தட்ட முடியாது.

எழுந்து ஓடிப்போய்ச் சொல்ல வேண்டும் என்று பம்பரம் நினைத்தாள். வாயை நம்ப முடியவில்லை. திறந்தால் மறுபடி என்ன வருமோ.

மேஜைமேல் பாட்டில் மூடி திறந்து இருந்தது. எடுத்தாள். குடித்தாள். வேலை நேரத்தில் குடித்துப் பழகாத தொண்டை, பாதி வழியில் புரையேறியது. இருமிக்கொண்டே குடித்தாள். தாடையில் வழிந்து கழுத்தில் இறங்கியது. கடைசிச் சொட்டுவரை குடித்துவிட்டுப் பாட்டிலை வைத்தாள். நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி எழுந்தாள். லைன்களுக்கு நடுவே கழிவறைப் பக்கம் நடந்தாள்.

"ஏய்! அட்டை இல்லாம எவடி எழுந்தது?"

அலாரத்தின் குரல் கூடத்தின் அந்தக் கோடிவரை போய் முட்டியது. கத்திய பிறகுதான் அவளுக்கே உறைத்தது. கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அவள் வாய்க்கும் வருஷக்கணக்கில் பழக்கம் இருந்தது.

மிஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. அதிகாரி திரும்பினார்.

"என்ன அட்டை?"

"அடையாள அட்டை மேடம்," என்றார் மேனேஜர். "பாதுகாப்புக்காக. அது இல்லாம இங்க யாரும் நடக்கக் கூடாது."

அதிகாரி பம்பரத்தைப் பார்த்தார். அடையாள அட்டை அவள் கழுத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. நனைந்துகூட இருந்தது.

"அதான் மாட்டியிருக்காங்களே."

"வேற அட்டை மேடம்," என்றாள் பம்பரம். "செவப்பு. அது... காலர் அக்கா கேட்டாங்க. மூணு தடவை கேட்டாங்க. நாற்காலில... தண்ணியை நான்தான் கொட்டினேன். ஆனா அது தண்ணி இல்ல. அது துணியில பட்டுது. அவங்க இப்பக் கதவைத் திறக்க மாட்டேங்கறாங்க."

"யாரு? எந்தக் கதவு? மெதுவாச் சொல்லுங்க. கொஞ்ச நேரம் முன்னாடி நல்லாப் பேசினீங்களே?"

"அது பாடம் மேடம். இதுக்குப் பாடம் இல்ல. இதை நான் யார்கிட்டயும் சொல்லிப் பழகல."

கைக்காரி எழுந்தாள். "நாங்க சொன்னது எல்லாம் பொய்யி. இவ சொல்றதுதான் நிஜம். ஆனா இவளுக்குச் சொல்லத் தெரியல. நான் சொல்றேன்," என்று தொடங்கினாள். தொடங்கியவளை இன்னொருத்தி மறித்தாள். அவளை வேறொருத்தி. பக்கத்து லைனிலிருந்தும் நாலு பேர் எழுந்தார்கள். எழாமல் தலையைக் குனிந்துகொண்டவர்களும் உண்டு. அவர்களை யாரும் எதுவும் சொல்லவில்லை.

"ஒவ்வொருத்தராப் பேசுங்க! ஒண்ணும் புரியல!" என்றார் அதிகாரி.

"ஒவ்வொருத்தராக் கேட்டீங்க, அதான் தப்பாப் போச்சு," என்றாள் கைக்காரி. "சேத்துக் கேளுங்க மேடம்."

அதிகாரி சிரிக்கவில்லை. பேனாவை மறுபடி திறந்தார். அலாரத்தைப் பார்த்து, "அந்தச் செவப்பு அட்டையைக் கொண்டு வாங்க," என்றார். அலாரம் மேனேஜரைப் பார்த்தாள். மேனேஜர் கூரையில் மின்விசிறியைப் பார்த்தார். இழுப்பறை திறந்தது.

அதிகாரி பலகையை விட்டுவிட்டுக் கயிற்றை எடுத்துப் பார்த்தார். எத்தனையோ கழுத்துகளின் வியர்வையில் அது கறுத்து விறைத்திருந்தது. விரல் நுனியால் பிடித்துக்கொண்டு கேட்டார்: "இதைத் துவைக்கறதே இல்லையா?"



பம்பரம் ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாறி நின்றாள். பாட்டில் தண்ணீர் முழுக்க வேலையைக் காட்டிக்கொண்டிருந்தது.

"மேடம், நான் போயிட்டு வரட்டுமா?"

"அதையும் என்னைக் கேக்கணுமா?" என்றார் அதிகாரி.

அன்றே எல்லாம் மாறிவிடவில்லை. விசாரணை என்றார்கள். வேறு அதிகாரி வந்தார். மேனேஜர், அட்டை பெண்களே கேட்டு வைத்துக்கொண்டது என்றார். பம்பரத்தைக் காலர் பொருத்துவதிலிருந்து எடுத்து நூல் வெட்டப் போட்டார்கள். கத்திரிக்கோலோடு நின்றுகொண்டே செய்கிற வேலை. அது அவளுக்குத் தண்டனை என்று நினைத்திருந்தார்கள். சங்கத்துக்காரர் கண்ணை மூடிக் கேட்டு, கண்ணைத் திறந்து எழுதிக்கொண்டே இருந்தார். அவள் அவரிடம் ஓடினாள், லேபர் ஆபீஸுக்கு ஓடினாள், அக்காவின் மாடிப்படியில் ஏறி இறங்கினாள். தூக்கத்தில்கூடக் கால் உதைத்தது என்று கணவன் புகார் சொன்னான். டயரைப் பற்றி மட்டும் அவன் பேசவே இல்லை.

அலாரம் ஒரு நாள் அவள் பக்கத்தில் வந்து நின்றாள். "அன்னிக்கு நான் வேணும்னு கத்தல," என்றாள். தனக்காகச் சொல்கிறாளா, பம்பரத்துக்காகச் சொல்கிறாளா என்று புரியவில்லை.

"நாங்களும் வேணும்னு சொல்லல, மேடம்," என்றாள் பம்பரம்.

கடைசியில் எல்லாத் தூண்களிலிருந்தும் அட்டை போனது. ஆணியையும் பிடுங்கச் சொல்லி உத்தரவு. பம்பரத்தைப் பழைய மிஷினுக்கே அனுப்பினார்கள். காலர் அக்காவைத் திரும்ப எடுத்துக்கொள்வதாகக் கம்பெனி ஒத்துக்கொண்டது. அதைச் சொல்லப் போனபோது கதவு திறந்திருந்தது. அக்கா துணி மடித்துக்கொண்டிருந்தாள். தலை நரைத்துவிட்டிருந்தது. முன்பும் நரைதான், சாயத்தை நிறுத்தியிருந்தாள்.

"போயிடுச்சுக்கா."

"கேள்விப்பட்டேன்."

"போனாப் பாக்கலாம்னு சொன்னே."

"பாக்கலாம்னுதான் சொன்னேன். வரேன்னா சொன்னேன்?" அக்கா மடித்த துணியைப் பிரித்து மறுபடி மடித்தாள். "சரி. ஒரு நாள் வரேன். அந்த நாற்காலி வேணாம். வேற போடச் சொல்லு."

வேறு நாற்காலி போட்டார்கள். அக்கா வந்தாள். யாரும் ஒன்றும் கேட்கவில்லை. எல்லோரும் நேற்றுதான் பார்த்த மாதிரி தலையாட்டினார்கள். அக்கா உட்கார்ந்து, ஊசியைப் பார்த்து, நூலை இழுத்துப் பார்த்து, மிதித்தாள். காலர் வர ஆரம்பித்தது. பழைய கை, பழைய சுத்தம். பம்பரம் பொருத்தினாள். கைக்காரி கை வைத்தாள்.

அக்காவின் பாட்டிலில் தண்ணீர் குறைந்திருந்ததை லைன் முழுக்கக் கவனித்தது. மதியம் தாண்டியது. அக்கா எழவில்லை. மிஷினுக்கு மிஷின் கண் போய் வந்தது. பம்பரத்துக்கு இருப்புக்கொள்ளவில்லை. எழுந்து போ, எழுந்து போ என்று மனதுக்குள் அரற்றினாள். இத்தனை அலைச்சலும் அந்த ஒரு எழலுக்காகத்தான் என்று தோன்றியது. அலாரம் தூண் பக்கத்தில், சுவரிலுள்ள டார்கெட்டைப் பார்ப்பது போல் நின்றிருந்தாள்.

அக்கா மிஷினை நிறுத்தினாள். திரும்பிப் பார்க்காமலே சொன்னாள்:

"இப்படி எல்லாரும் பாக்காம பாத்துக்கிட்டிருந்தா ஒருத்தி எப்படி எழுந்து போறது?"

தலைகள் குனிந்தன. பிறகு எல்லா மிஷின்களும் ஒரேயடியாக ஓட ஆரம்பித்தன. தேவையில்லாத வேகத்தில் தைத்தார்கள். பம்பரம் குனிந்து கழுத்துப் பட்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள். நாற்காலி நகர்வது கேட்டது. செருப்புச் சத்தம் போவது கேட்டது. அலாரத்தின் பக்கத்திலிருந்து எந்தச் சத்தமும் வரவில்லை.

கையிலிருந்த காலர்கள் தீர்ந்தன. அக்கா இன்னும் வரவில்லை. அவசரப்பட வேண்டிய தேவையும் அவளுக்கு இல்லை. பம்பரத்தின் மேஜை காலியானது. அடுத்து கைக்காரியின் மேஜை.

"என்னடி, பீஸ் வரல?" என்று முதுகில் தட்டினாள் கைக்காரி.

"அக்கா வெளிய போயிருக்கா," என்றாள் பம்பரம். "வந்ததும் வரும்."